ஊவா மலையில் யன்னலின் வரலாறு

ஒரு பொருளுக்கு முன்னோர் இட்ட பெயரை ஆராய்ந்தால், அப்பொருளிடம் அவர்கள் எதனை எதிர்பார்த்தனர் என்பது ஓரளவு விளங்கும். இலங்கைத் தமிழர் நாவில் இன்று வழங்கும் 'யன்னல்' என்னும் சொல் போர்த்துக்கீசர் விட்டுச் சென்றது. அதற்கு முன்னர்ச் சாளரம், பலகணி, காலதர் என்னும் பெயர்கள் தமிழில் வழங்கின. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆங்கிலேயர் கூறும் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய வடபுல மொழியில் 'காற்றின் கண்' என்னும் பொருள் தந்த சொல்லின் வழியாக வந்ததே. ஒருவரையொருவர் அறியாத இரு மக்களும், வெப்பநாட்டினராயினும் குளிர்நாட்டினராயினும், யன்னலை ஒளியால் அன்றிக் காற்றாலேயே பெயரிட்டனர் என்பது வியப்பன்றோ!

காற்றை வரவேற்பது எவ்வளவு இன்றியமையாததோ, வேண்டாதபோது அதனைத் தடுப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்க்காலத்து நகரைக் காட்டுகிறது. வேனிலில் தென்றலை உள்ளே அழைத்த பலகணிகள், வாடை வீசும் அக்காலத்தில் திண்ணிய கதவுகளால் இறுகத் தாழிடப்படுகின்றன. மக்கள் குளிர்ந்த நீரை விலக்கிக் கணப்பை நாடுகின்றனர். திறக்கவும் வேண்டும், பொருந்தி மூடவும் வேண்டும் என்னும் இருவகைக் கடமையை யன்னலுக்குத் தமிழர் அன்றே விதித்திருந்தனர்.

இவ்விரு கடமைகளும் ஒருங்கே சோதிக்கப்படும் இடங்களுள் ஒன்று ஊவா மலைநாடு. பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை தெமோதரையில் ஒரு புதுமையைச் செய்கிறது. நிலையத்தைக் கடந்ததும் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அந்நிலையத்துக்கு அடியிலேயே அமைந்த சுரங்கத்தினுள் நுழைந்து செல்கிறது. 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை எட்டியது. பாதையின் இருமருங்கும் தேயிலை. தேயிலையின் நடுவே நீண்ட வரிசைகளாக லயங்கள். ஆண்டின் பிற்பகுதியில் வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் வந்து சூழும். ஆடி, ஆவணி மாதங்களிலோ, மேற்குச் சரிவில் மழையை இழந்த தென்மேற்குப் பருவக்காற்று வறண்டு இறங்கி வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தை ஈட்டித்தந்தது இந்த வறண்ட காற்றே.

லயத்தின் வரலாறு தேயிலைக்கும் முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிருக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து மீள்பவராயினர். ஆகவே மண்ணும் வரிச்சும் கொண்டு எழுப்பிய தற்காலிகக் கொட்டில்களே அவர்களுக்குப் போதும் என்று தோட்ட உரிமையாளர் கருதினர். 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றிப் பரவ, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். வந்தோர் குடும்பத்துடன் நிலைத்தனர். ஆள் நிலைத்தார், வீடு மட்டும் தற்காலிகத்தின் வடிவிலேயே நின்றுவிட்டது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு காம்பிரா. அதற்கு முன்னே ஓர் இஸ்தோப்பு. மேலே தகரக் கூரை. இத்தகைய அறைகள் பலவற்றை ஒரே வரிசையில் அடுக்கினால் அது ஒற்றை லயம். இரு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்டி நடுவே ஒரு சுவரை மட்டும் வைத்தால் அது இரட்டை லயம். கல்லும் கூலியும் மிச்சப்படும் இவ்வமைப்பில் குடியிருப்போர் இழந்தது யாது? நடுவிலுள்ள அறைக்கு மூன்று பக்கமும் பிறர் சுவர்கள். வெளியுலகைத் தொடுவது முன்புறம் ஒன்றே. எதிரெதிரே இரு வாயில்கள் இருந்தால்தான் காற்று ஊடறுத்துச் செல்லும். இரட்டை லயத்தில் பின்புற யன்னல் வைக்கச் சுவரே இல்லை. விறகடுப்பின் புகை கதவு வழியாகவே வெளியேற வேண்டும். ஒளியும் அக்கதவு வழியாகவே உள்ளே வரவேண்டும்.

அதே தோட்டத்தில் யன்னலின் அருமையை அறியாதவர் இருந்தனரோ எனின், இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை நோக்குக. அதன் மேல்மாடங்கள் நெடுகிலும் யன்னல்கள். பறித்த கொழுந்தைத் தட்டுகளிற் பரப்பிப் பல மணிநேரம் வாட்டவேண்டும். வறண்ட காற்று வீசினால் யன்னல்களைத் திறப்பர். மூடுபனி ஏறினால் விரைந்து அடைப்பர். காற்றின் ஈரம் சற்று மிகினும் கொழுந்து கெடும் என்பது அங்கு எல்லோரும் அறிந்த பாடம். துரைமார் பங்களாக்களில் கண்ணாடி யன்னலும் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் இருந்தன. அப்புத்தளைக்கு அருகே சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை, இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையைப் பின்பற்றிக் கல்லால் எழுந்தது. இலைக்குக் காற்று வேண்டும் என்பதையும், துரைக்கு ஒளி வேண்டும் என்பதையும் அறிந்த அக்காலம், இலையைப் பறித்தவருக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதை ஏற்க நெடுநாள் எடுத்துக்கொண்டது.

அரசாங்கம் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. 1872இல் தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1912இல் அது புதுக்கப்பட்டதோடு, தொழிலாளரிடையே நோய்களைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. 1916 முதல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களில் நடைபெற்றது. இந்திய அரசின் முகவர் ஒருவர் 1923 முதல் இலங்கையில் இருந்து தோட்ட மக்களின் நிலையைக் கவனித்தார். இம்முயற்சிகளின் பயனாக லயங்களின் நிலையும் ஆய்வுக்கு உள்ளாயிற்று. பல இடங்களில் சிறு யன்னல்களும் தோன்றின.

ஆயினும் அந்த யன்னல் பெரும்பாலும் பலகைக் கதவு கொண்டது. பலகையைத் திறந்தால் ஒளி வரும். கூடவே குளிரும் சாரலும் வரும். அடைத்தால் குளிர் நிற்கும். ஒளியும் நின்றுவிடும், புகையும் உள்ளே தங்கிவிடும். மழைக்கால மாலையில் குழந்தை நனையாதிருக்க வேண்டுமா, குப்பி விளக்கில்லாமல் பாடம் படிக்க வேண்டுமா என்று ஒரு தாய் தெரிவுசெய்ய நேர்ந்தது. இடுக்குகளில் சாக்கைத் திணித்து யன்னலை அடைத்த குடும்பத்தினரைச் சுகாதாரம் அறியாதவர் எனப் பழித்தோர் உண்டு. அறியாமை அன்று அது. பொருந்தாத யன்னலுக்கு ஏழையின் கை செய்த பழுதுபார்ப்பே அது.

இந்த இக்கட்டை அவிழ்த்தது கண்ணாடி. உரோமர் காலத்திலேயே யன்னலுக்குக் கண்ணாடி பதிக்கும் வழக்கம் தோன்றிவிட்டது. கண்ணாடி ஒளியையும் காற்றையும் பிரித்தது. ஆனால் வெப்பத்தை அது நிறுத்தவில்லை. குளிர்நாட்டார் மாரிகாலத்தில் ஒரு யன்னலுக்கு முன்னால் இன்னொரு யன்னலைப் பொருத்தினர். 1865இல் அமெரிக்காவில் தோமஸ் ஸ்ரெற்சன் என்பார், இரு கண்ணாடிகளை இடைவெளி விட்டு ஒன்றாக இணைக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1930களில் அந்நாட்டில் இம்முறை தொழிற்பொருளாக வளர்ந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் மேற்குநாடுகளில் இரட்டைக் கண்ணாடி யன்னல் பெருகிற்று. இதன் இரகசியம் கண்ணாடியில் இல்லை. இடையே அடைபட்ட காற்றில் உள்ளது. அசையாத காற்றானது கண்ணாடியைவிட ஏறத்தாழ நாற்பது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். எனவே ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி மிச்சமாகிறது.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழர் இல்லங்களில் இன்று இத்தகைய யன்னல்களே உள்ளன. அவற்றுக்கும் பழுது வரும். கண்ணாடியில் ஈரம் படர்ந்தால் அது எப்பக்கத்தில் உள்ளதென முதலில் அறிதல் வேண்டும். அறையின் பக்கத்தில் இருந்தால் குற்றம் யன்னலில் இல்லை. சமையலின் ஆவியும் மூச்சின் ஈரமும் வெளியேற வழியின்றி நிற்கின்றன. அறைக்குக் காற்றோட்டம் தருவதே மருந்து. வெளிப்பக்கத்தில் அதிகாலைப் பனி படிந்தால், உள்வெப்பம் வெளியே வரவில்லை என்பதற்கு அது நற்சான்று. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே புகைபோல் ஈரம் தோன்றினாலோ, விளிம்பின் அடைப்பு விட்டுப்போயிற்று என்று கொள்ளவேண்டும். விளிம்புச் சட்டத்தினுள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் உண்டு. அவை நிறைந்துவிட்டால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை. துளையிட்டு உலர்த்துவோர் உளர். எனினும் இழந்த காப்பு அதனால் மீளாது. சட்டகம் நன்றாயிருப்பின் அதனை மாற்ற வேண்டியதில்லை. இணைத்த கண்ணாடி இரண்டை மட்டும் புதிதாக இட்டால் போதும்.

குளிர்காற்று கசிந்தால், ஒரு கடதாசித் துண்டை இடையே வைத்து யன்னலை மூடி இழுத்துப் பார்க்கலாம். எளிதில் உருவி வந்தால் அவ்விடத்து இறப்பர்ப் பட்டி தேய்ந்துவிட்டது. புதிதாக மாற்றுதல் தகும். கதவு தொங்கிச் சட்டத்தில் உரசினால் பிணைச்சலின் திருகாணிகளை இறுக்கவேண்டும். சட்டத்தின் அடியில் நீர் தேங்கினால், அங்குள்ள சிறு வடிகால் துளைகளை மெல்லிய குச்சியால் துப்புரவு செய்தல் போதுமானது. பெரும்பாலான பழுதுகள் இவ்வளவில் அடங்கும்.

இந்தப் பௌதிகம் கடல்கடந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. தெமோதரை லயத்தில் வைகறையில் தகரத்திலிருந்து உறங்குவோர் மேல் சொட்டும் நீர், கூரை ஒழுகுவதால் மட்டும் வருவதன்று. பலர் மூச்சும் அடுப்பின் ஆவியும் இரவில் குளிர்ந்த தகரத்தைத் தொட்டு நீராகின்றன. இலண்டன் வீட்டின் உட்கண்ணாடி வியர்ப்பதற்கும் இது ஒழுகுவதற்கும் காரணம் ஒன்றே. தகரத்தின் கீழ் ஒரு தட்டு அமைத்து இடையே காற்றை நிறுத்தினால், இரட்டைக் கண்ணாடி செய்யும் வேலையை அது செய்யும். புகைபோக்கியும் எதிரெதிர் யன்னலும் அமைத்தால் ஈரமும் புகையும் ஒருங்கே வெளியேறும். அறிவு அரிதன்று, செலவும் மலையளவன்று.

அவ்வாறாயின், இது ஏன் எங்கும் நடைபெறவில்லை? இங்கேதான் வரலாற்றின் வேர் உள்ளது. இலண்டனில் வீட்டுக்குரியவர் தம் யன்னலைத் தாமே மாற்றலாம். லயத்தில் வாழ்ந்தவருக்குச் சுவர் சொந்தமில்லை. சுவரில் ஒரு துளையிடவும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கேட்கும் குரலும் அதனுடன் குறைந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறிய ஒவ்வொரு முறையும் காம்பிரா அதே காம்பிராவாகவே இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்க வழிசெய்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, வீட்டின் கேள்வி யன்னலோடு நிற்பதன்று, வீடு நிற்கும் நிலத்தையும் சார்ந்தது என்பதை நாடு முழுவதும் கண்டது.

அண்மைக் காலத்தில் மாற்றம் தொடங்கியுள்ளது. ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் உருப்பெற்றது. இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கென முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. தனிவீட்டுக்கு நான்கு புறமும் வெளி உண்டு. எதிரெதிரே யன்னல் வைக்கலாம். இன்னும் பெருந்தொகையினர் லயங்களிலேயே வாழ்கின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

யன்னலைப் பழுதுபார்க்கத் திருகாணியும் பட்டியும் போதும். அதனைத் தன் விருப்பப்படி பழுதுபார்க்கும் உரிமையோ உறுதிப்பத்திரத்தில் எழுதப்படுவது. தெமோதரை மலையில் ஒரு குடும்பம் யாரிடமும் இசைவு கேளாது தன் சுவரைத் திறந்து காற்றுக்கு வழிவிடும் நாளிலேயே, காலதர் என்னும் பழந்தமிழ்ப் பெயர் அங்கு முழுப்பொருள் பெறும்.