வேலி நீங்கிய பூங்காவும் பொத்துவிலில் கரையேறிய அரசியும்

கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் புறப்பட்டால் விடிவதற்குள் கொழும்பு புறக்கோட்டையில் இறக்கிவிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக நான் அப்படித்தான் தலைநகருக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளவத்தையில் மூவர் படுக்கும் அறையில் நான்காவது ஆளாக இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக்குள் இருக்க முடியாது. காசு கொடுக்காமலும், எவரிடமும் காரணம் சொல்லாமலும் மாலைவரை அமர்ந்திருக்கக்கூடிய இடம் ஒன்று தேவைப்பட்டது. அவ்விதம் எனக்கு அறிமுகமானதே கறுவாத்தோட்டத்தின் நடுவே, நகர மண்டபத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் விகாரமகாதேவி பூங்கா.

என்னோடு வருபவர் பொத்துவிலைச் சேர்ந்த ஒரு நண்பர். கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முதல் நாள் வாயிற் பலகையைப் படித்துவிட்டு அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “நம்மட ஊருல கரையேறின பொம்புளட பேருதான் மச்சான் இது. அப்ப நமக்கும் இதுல பங்கிருக்கு.” பகிடியாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பூங்காவின் கதை முழுவதும் அந்தப் பகிடிக்குள் அடங்கியிருந்ததை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கறுவாத்தோட்டம் என்பது வெறும் பெயரன்று. ஒல்லாந்தர் இங்கே உண்மையாகவே கறுவா பயிரிட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கறுவா போய் மாளிகைகள் வந்தன. செல்வந்தரான சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா நகருக்குக் கொடையளித்த நிலத்தில் பூங்கா அமைந்ததாகச் சொல்வார்கள். கொடுத்தவர் உள்ளூர்க்காரர், வைத்த பெயரோ விக்டோரியா பூங்கா. அது அக்காலத்து வழக்கம். தொழிற்சாலைப் புகையில் மூச்சுத் திணறிய இங்கிலாந்து நகரங்களில், 1847இல் திறக்கப்பட்ட பேர்கன்ஹெட் பூங்காவைத் தொடர்ந்து, ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான பசுமை வெளி என்ற எண்ணம் பரவியது. குடியேற்ற நாடுகளுக்கு அந்த எண்ணம் வந்தபோது அதில் ‘பொது’ என்ற சொல் சற்றுச் சுருங்கித்தான் வந்தது. கொழும்பு 7இல் காலாற நடக்க வந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பு 7இல் வாழ்ந்தவர்களே.

பூங்காவை முதலில் முற்றாக உருமாற்றியது தோட்டக்காரனல்ல, யுத்தம். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியரின் அடுத்த குறி இலங்கையே என்ற அச்சம் நிலவியது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டுகளும் விழுந்தன. பூங்கா படையினர் வசமாயிற்று. ஒஸ்திரேலியாவின் 17ஆவது படையணி அங்கே முகாமிட்டது. காலிமுகத்திடலில் நின்ற முதலாம் உலகப்போர் நினைவுத்தூணும் அக்காலத்தில்தான் இங்கே இடம் மாறியது. கடலில் வரும் எதிரிக்கு அது குறி காட்டிவிடும் என்று பயந்தார்களாம். புதுடில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் கைவண்ணம் அது. யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் தூண் திரும்பிப் போகவில்லை. நம் நாட்டில் தற்காலிகமாக வைக்கப்படும் எதுவும் அப்படித்தான்.

இராணுவம் போனபின் பூங்காவைச் சீரமைக்கப் பல ஆண்டுகள் எடுத்தன. 1951இல் அது மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்து வந்தது பெயர் மாற்றம். 1958இல் விக்டோரியா போய் விகாரமகாதேவி வந்தார். அந்நிய அரசியின் பெயரை நீக்கியதில் யாருக்கும் வருத்தமில்லை, எனக்குமில்லை. ஆனால் அந்த ஆண்டைக் கவனியுங்கள். தனிச் சிங்களச் சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்து, மே மாத இறுதியில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை நாடெங்கும் பற்றியெரிந்த அதே 1958. விகாரமகாதேவி, எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் தாய். ஒரு பெயர்ப்பலகைக்கு இவ்வளவு பொருள் கற்பிக்கலாமா என்று கேட்பவர்கள், அந்த ஆண்டில் கொழும்பிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அரசியின் கதையோ கடலோரத்துக்குரியது. களனி மன்னன் தீசன், குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டுக் கொன்றான். கடல் சினந்து நிலத்துக்குள் புகுந்தது. அதைத் தணிக்க மகளைப் பொற்கலமொன்றில் ஏற்றிக் கடலில் விட்டான். அவள் உருகுணையில் ஒரு விகாரையருகே கரையேறி, காவன்தீசனுக்கு மனைவியானாள் என்கிறது மகாவம்சம். அந்தக் கரை எது என்பதில் ஊர்களுக்கிடையே போட்டி. கிரிந்தை என்பார்கள் தெற்கத்தியர். பொத்துவில் முகுது மகா விகாரை என்பது இன்னொரு மரபு. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் வாசலில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது அதே கடற்கரையின் தொடர்ச்சிதான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி எங்கள் கடலும் உள்ளே வந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை அது எடுத்தது அம்பாறை மாவட்டத்தில். தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்று அது பார்க்கவில்லை. எந்த அரசனின் பாவத்துக்கு என்றும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தபின், 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. பூங்காவைத் திருத்துவதும் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவின் பொறுப்பாயிற்று. அழகுபடுத்தல் என்றார்கள். நடைபாதைகள் புதிதாயின, நீரூற்றுகள் இயங்கின, விளக்குகள் வந்தன. எல்லாவற்றிலும் பெரிய காரியம், பூங்காவைச் சுற்றியிருந்த வேலியை அகற்றியதே. வீதியில் போகிறவனுக்கும் மரங்களுக்கும் நடுவே எதுவும் இல்லாமற்போனதும் பூங்கா ஓர் அங்குல நிலமும் சேர்க்காமலே விரிந்துவிட்டது.

இதை நான் மனமார வரவேற்றேன். காரணம் சொல்கிறேன். வேலியிருந்த காலத்தில் ஒரு மாலை, வாயிலில் சீருடையில் நின்ற இருவர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். திருக்கோவில், பொத்துவில் என்ற இரு விலாசங்களும் போதுமாயிருந்தன. இருட்டும்வரை எங்களை ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். வாயில் என்று ஒன்று இருப்பதால்தானே அங்கே ஒருவரை நிறுத்தி வைக்க முடிகிறது!

எனினும் அதே கை இன்னொரு பக்கம் செய்ததையும் சொல்ல வேண்டும். 2010 மே மாதம், பூங்காவிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள கொம்பனித்தெரு மியூஸ் வீதியில், குடியிருந்த வீடுகள் இராணுவக் காவலுடன் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. நகரின் நடுவே பெறுமதி மிக்க நிலத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டமும் தொடர்ந்தது. ஓரிடத்தில் வேலியைப் பிடுங்கியவர்கள், மற்றோரிடத்தில் அந்தப் பூங்காவுக்கு நடந்து வரக்கூடியவர்களையே பிடுங்கினார்கள்.

பூங்காவின் தென்புற வீதிக்கும் அக்காலத்தில் ஒரு திருத்தம் நடந்தது. கலை உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கிய வீதி அது. 2011இன் இறுதியில் தாமரைத் தடாக அரங்கு திறக்கப்பட்டபின் அதற்கு ‘நெலும் பொக்குண மாவத்தை’ என்று பெயரிட்டார்கள். கலைஞர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டையும் பொருட்படுத்தாமல் பழைய ‘கிறீன் பாத்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பிடுவதற்குச் சென்னையைச் சொல்லலாம். 1859இல் ஆளுநராக வந்த சார்ள்ஸ் ட்ரெவெலியன் அங்கே ‘மக்கள் பூங்கா’ ஒன்றை ஏற்படுத்தினார். விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கு என்று ஒவ்வொன்றாக அதைத் தின்றுவிட்டன. எல்லாமே பொதுநலக் கட்டடங்கள்தாம், பூங்காவைத்தான் காணவில்லை. கொழும்பில் பூங்காவோரம் 1980இல் வந்த பொது நூலகத்தோடு பெரும்பாலும் நின்றுகொண்டதை நல்லூழ் என்றே கருதுகிறேன்.

2019இல் கோட்டாபய ஜனாதிபதியானார். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஒரு செயலணியை நியமித்தார். தலைவர், பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், ஆரம்பத்தில் நியமிக்கப்பட்ட ஒருவர்கூடத் தமிழரோ முஸ்லிமோ அல்லர். முகுது மகா விகாரையைச் சூழவுள்ள காணிகள் யாருக்குரியவை என்ற பழைய பிணக்கு அந்நாட்களில் மீண்டும் மூண்டது. அரசி கரையேறிய இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. உறுதிப்பத்திரங்களை எடுத்துக்கொண்டு நின்றார்கள் பொத்துவில் முஸ்லிம்கள்.

நண்பர் தொலைபேசியில் அழைத்தார். தாடி நரைத்து, பேரப்பிள்ளைகள் கண்டு, ஊரோடு தங்கிவிட்டவர். பூங்கா எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வேலி எடுத்து வருடங்களாகிவிட்டன, இப்போது எந்தப் பக்கத்தாலும் நுழையலாம் என்றேன். சிறிது நேரம் பேசவில்லை.

“அங்க எடுத்த வேலிய இங்க கொண்டாந்து போடப் பாக்கிறாங்க மச்சான்” என்றார்.