பள்ளித் தலைமையும் பெற்றோர் நம்பிக்கையும்: பொன்னேரி வட்டாரம்

பள்ளித் தலைமை மீதான நம்பிக்கை என்பது, தலைமை ஆசிரியர் சொன்னதைச் செய்வார், செய்ததற்குக் கணக்குச் சொல்வார் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கொள்ளும் உறுதி. நல்ல குணம் அதற்குத் தொடக்கம். அதை நிலைக்கச் செய்வது, கேள்வி கேட்க இடம் தரும் ஏற்பாடுதான். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இதன் தேவை கூடுதல். வயல் வேலை செய்வோர், பழவேற்காட்டு மீனவர், சிப்காட் ஆலைத் தொழிலாளர், இருளர், வீட்டில் தெலுங்கு பேசுவோர், மறுவாழ்வு முகாமில் வாழும் ஈழத் தமிழர், செங்கல் சூளைப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பும் ஒடிசா தொழிலாளர் என இங்குள்ள பெற்றோர் பலதரப்பட்டவர்கள். தலைமுறைப் பழக்கத்தால் தானாக வரும் நம்பிக்கையை இங்கே எதிர்பார்க்க முடியாது.

ஊரையும் பள்ளியையும் இணைக்கும் ஏற்பாட்டுக்கு முன்னோடி இதே மாவட்டத்தில் இருக்கிறது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு 1958-இல், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்ன தேவை என்பதைப் பட்டியலிட்டு ஊர் முன் வைத்தார்கள், ஊர் கொடுத்தது. பள்ளியில் ஊருக்கு இருந்த இந்தப் பங்கைக் கல்வி உரிமைச் சட்டம் (2009) பெற்றோரின் உரிமையாக்கியது. அதன் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022-இல் புதிதாக அமைக்கப்பட்டன.

நம்பிக்கைக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்புக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ தொடக்கப் பள்ளிகளை 1990-களில் ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-இல் வெளியிட்ட நூல், மரியாதை, திறமை, அக்கறை, நேர்மை ஆகிய நான்கையும் நம்பிக்கையின் கூறுகளாகக் காட்டியது. நம்பிக்கை மிகுந்த பள்ளிகளில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று கற்றலில் முன்னேறியது; குறைந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். நல்ல தேர்ச்சிதான் நம்பிக்கையைத் தந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் 1994-இலும் 1997-இலும் நம்பிக்கை தாழ்ந்தே கிடந்த பள்ளிகள் முன்னேற ஏறக்குறைய வாய்ப்பே இருக்கவில்லை என்ற முடிவை அந்த வாதத்தால் எளிதில் விளக்க முடியாது.

தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போய்விடுவாரே என்பது வலுவான மறுப்பு. அதனால்தான் நம்பிக்கையை ஆளிடம் வைக்காமல் தீர்மானப் பதிவேட்டிலும் வரவு செலவிலும் வைக்க வேண்டும். ஆள் போனாலும் அவை பள்ளியிலேயே இருக்கும். படிக்காத பெற்றோரால் கணக்குப் பார்க்க முடியுமா என்ற மறுப்பு ஏற்கத்தக்கதல்ல. கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, சத்துணவு ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்லப் படிப்பு வேண்டாம். உண்மையான தடை நேரம்தான். வேலைநாள் பிற்பகலில் கூட்டம் வைத்தால் கூலி இழந்துதான் ஒரு தாய் வர முடியும். ஆகவே இவ்வட்டாரத் தலைமை ஆசிரியர்கள் ஷிப்ட் முடியும் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கட்டும்; வரவு செலவை வாய்விட்டு வாசிக்கட்டும்; தேவைப்படும் இடத்தில் தெலுங்கிலும் சொல்லட்டும்.