பாகவதர் மீதான கொலை வழக்கு: ஒரு தண்டனையின் வரலாறு

திருச்சிராப்பள்ளியின் இசை, நாடக வரலாற்றை எழுதுவோர் எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலை விரிவாகவும் அவர் சிறைப்பட்ட வழக்கைச் சுருக்கமாகவும் சொல்லிச் செல்வது வழக்கமாகிவிட்டதால், தண்டனை நினைவில் நிற்க, அதை நீக்கிய தீர்ப்பு மறக்கப்பட்டுவிட்டது. 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், ரயில்வே அதிகாரியான எஃப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா நடத்திய அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதிலேயே மேடையேறியவர். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தபோது தமிழ்த் திரையில் அவருக்கு நிகரான நட்சத்திரம் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த சி. என். இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைத்துறையினரின் அந்தரங்கங்களை அவதூறாக எழுதி விற்கும் மஞ்சள் பத்திரிகைகளை நடத்தியவர் அவர். அவருடைய 'சினிமா தூது' இதழின் உரிமத்தை ரத்து செய்யுமாறு பாகவதரும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்திருந்தனர். அவ்விதழ் நின்றதும் இலட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' இதழின் வழியே முன்போலவே எழுதலானார். மனு கொடுத்த மூவரும் கொலை வழக்கில் சேர்க்கப்பட்டபோது, இந்தப் பகையையே அரசுத் தரப்பு கொலைக்கான நோக்கமாகக் காட்டியது. ஆனால் இலட்சுமிகாந்தனின் எழுத்தால் புண்பட்டோர் இம்மூவர் மட்டும் அல்லர் என்பதும், நோக்கம் இருந்தது என்பதே குற்றம் நிகழ்ந்ததற்குச் சான்றாகிவிடாது என்பதும் கருதத்தக்கவை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் நடந்த விசாரணையில், சாட்சியங்களைக் கேட்டு முடிவு சொல்லும் பொறுப்பு ஜூரர்களுக்கு, அதாவது பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேருக்கு இருந்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஒன்பதின்மரில் ஆறு பேரேனும் ஒருமித்து, நீதிபதியும் உடன்பட்டாலே அது தீர்ப்பாகும். 1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட, பாகவதரும் கிருஷ்ணனும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் குற்றவாளிகளாக்கப்பட்டு, தீவாந்தர தண்டனை எனப்பட்ட ஆயுள் தண்டனை பெற்றனர். சட்டம் கேட்ட மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவே. அந்த அறுவரில் ஒருவர் மாறி நின்றிருந்தாலும் அவர்களைத் தண்டித்திருக்க முடியாது.

உயர் நீதிமன்றத்தின் ஜூரி விசாரணையில் தண்டிக்கப்பட்டவர் வழக்கின் உண்மைகள் குறித்து மேல்முறையீடு செய்யும் உரிமை, 1943ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் கிடைத்தது. சில ஆண்டுகள் முன்னர் இவ்வழக்கு நடந்திருந்தால் அந்த வாயிலே இருந்திராது. தலைமை நீதிபதி லயனல் லீச் அடங்கிய அமர்வு 1945 அக்டோபரில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தபின், பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சிலை இருவரும் அணுகினர். அம்மன்றம் தானே விடுதலை வழங்காமல், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. மறுவிசாரணையில் வி. எல். எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் சாட்சியங்களை எடைபோட்டு, அவை தண்டனைக்குப் போதா எனக் கண்டு 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தனர்.

அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதருக்கென இருந்த 'உதயணன்' பட வாய்ப்பு ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குப் போயிற்று, விடுதலைக்குப் பின் 1948இல் வந்த 'ராஜமுக்தி' தோல்வி கண்டது. கிருஷ்ணன் திரையில் மீண்டும் எழுந்தாரென்பதால், பாகவதரின் சரிவு முழுவதையும் சிறையின் கணக்கில் எழுத இயலாது. எனினும் அந்தச் சரிவைச் செருக்கின் விளைவாகக் காட்டி நீதிக்கதையாக்குவது, நிரூபிக்கப்படாத குற்றத்துக்காக அடைபட்ட ஒருவருக்கு இழைக்கும் இரண்டாம் அநீதியே ஆகும். 1959 நவம்பர் 1 அன்று சென்னையில் மறைந்த அவர் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமில்லாமற்போயிற்று. இலட்சுமிகாந்தனைக் கொல்லத் தூண்டியவர் யார் என்பதோ எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படாமலே நின்றுவிட்டது.