மூளைக்குள்ளே ஓர் அளவுகோல்



கால் மரத்துப்போகும், ஒரு கண் மங்கும். சில வாரத்தில் தானே தெளியும். பிறகு மறுபடியும் வரும். வெளியே புண்ணுமில்லை, வீக்கமுமில்லை. "சும்மா சாக்குச் சொல்றா" என்ற கெட்ட பேரும் சேர்ந்துகொள்ளும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் இந்நோய் நம் நாட்டில் அபூர்வம். பெண்களையே அதிகம் பிடிக்கிறது. நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறையை உடம்பின் காவற்படையே அரித்துவிடுகிறது. மின்கம்பியின் மேலுறை உரிந்தால் என்னாகும்? அதேதான்.

1868-ல் பாரிஸ் டாக்டர் ஷார்கோ இதை விவரித்தார். ஆனால் மூளையிலுள்ள தழும்புகளை அவர் கண்டது நோயாளி இறந்த பின்புதான்.

உயிரோடிருப்பவரின் மூளையைப் பார்க்கும் கதையில் நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரன், 1971-ல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் ஒரு சுருக்கக் கணக்கை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உள்ளுருவத்தைக் கட்டி எழுப்பும் கணக்கு அது. சி.டி. ஸ்கேனுக்கு அது பெரிய உதவி. 1973-ல் அமெரிக்காவில் லாட்டர்பர், எக்ஸ்-ரேயே இல்லாமல், காந்தமும் ரேடியோ அலையும் கொண்டு அப்படிப் பல கோண நிழல்களைச் சேர்த்துத் தண்ணீர்க் குழாய்களைப் படமெடுத்தார். அதுவே எம்.ஆர்.ஐ.

1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் பத்து நோயாளிகளைச் சோதித்தார்கள். சி.டி. காட்டிய தழும்புகள் 19. எம்.ஆர்.ஐ. அதற்கு மேலும் 112 காட்டியது!

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. புள்ளி கொஞ்சமாக இருப்பவர் நடக்க முடியாமல் கிடந்தார். நிறைய இருப்பவர் நடமாடினார். கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த இடமும் நல்லதில்லையோ என்ற சந்தேகம் வந்தது.

தோட்டத்தில் பால் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. எல்லா வாளியிலும் பால் வெள்ளைதான், தண்ணி கலந்ததும் வெள்ளைதான். கிராணி மிதவைக் கருவியைப் போட்டுப் பார்த்தால்தான் ரப்பர் எவ்வளவு என்று தெரியும். அப்படியொரு மிதவை மூளைக்கும் வேண்டியிருந்தது.

எம்.ஆர்.ஐ. கேட்பது மூளையிலுள்ள தண்ணீரின் சத்தத்தை. மையலின் மடிப்புக்குள் சிக்கிய தண்ணீரின் சத்தம் ஏறக்குறைய 50 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். மற்றது கூடுதல் நேரம் நிற்கும். 1994-ல் கனடாவின் வான்கூவரில் மெக்கே குழுவினர் இந்த இரண்டையும் பிரித்து, மையலின் தண்ணீர் எத்தனை பங்கு என்று கணக்கெடுத்தார்கள். பின்னர் பல நோயாளிகளை அளந்தபோது, படத்தில் பழுதில்லாமல் தெரிந்த பகுதியிலும் அந்தப் பங்கு குறைந்திருந்தது. சாக்கு அல்ல, சேதம்!

இன்றும் சாதாரண ஸ்கேனில் டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் படத்தைத்தான். ஒரு மெஷின் தரும் எண் இன்னொரு மெஷினோடு ஒத்துப்போவதில்லை. அளவெடுக்க நேரமும் பிடிக்கும். ஆகவே இவ்வேலை ஆராய்ச்சிக் கூடங்களில்தான் அதிகம் நடக்கிறது.