வலக்கையின் தீர்ப்பு: ஜோ லூயிஸின் தொடக்க ஆண்டுகள், 1934–1937

தொழில்முறைக் குத்துச்சண்டையில் எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவு ஹெவிவெயிட் எனப்படும் கனஎடைப் பிரிவாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 175 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 79 கிலோவைத் தாண்டிய வீரர்கள் இப்பிரிவைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டனர். இப்பிரிவின் உலகப் பட்டத்துக்கு அமெரிக்காவில் எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. பட்டத்தை வைத்திருக்கும் வெள்ளையர், கறுப்பின வீரர் எவ்வளவு திறமை காட்டினாலும், அவருடன் பட்டத்துக்காக மோத மறுத்துவிடலாம் என்பதே அது. ‘நிறக்கோடு’ என்று வழங்கப்பட்ட இவ்வழக்கத்தைப் பத்திரிகைகளும் போட்டி அமைப்பாளர்களும் இயல்பானதாகவே ஏற்றுக்கொண்டிருந்தனர். 1934 ஜூலையில் தொழில்முறை வீரராகி மூன்றாண்டுக்குள் உலக சாம்பியனான ஜோ லூயிஸின் தொடக்க வரலாற்றை, அவருடைய குத்துகளின் வலிமையோடு, இந்தக் கோட்டைக் கடக்க வகுக்கப்பட்ட திட்டத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டியுள்ளது.

அக்கோட்டை முதலில் கடந்தவர் ஜாக் ஜான்சன். அவர் 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனானார். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில், ஓய்விலிருந்து வலிந்து அழைத்துவரப்பட்ட முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸையும் அவர் வீழ்த்தியபோது, அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. தோற்ற எதிராளிகளை வெளிப்படையாக எள்ளியதும், வெள்ளைப் பெண்களை மணந்ததும் ஜான்சன்மீது வெள்ளையரின் சினத்தைப் பெருக்கின. தகாத நோக்கத்துக்காகப் பெண்களை மாநில எல்லை தாண்டி அழைத்துச் செல்வதைத் தடுக்கும் மான் சட்டத்தின் கீழ் 1913இல் அவர் குற்றவாளியாக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறி, 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டத்தை இழந்தார். அதன்பின் 22 ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவருக்கும் அப்பட்டத்துக்காக மோதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1920களில் ஹாரி வில்ஸ் போட்டியாளர்களின் முன்வரிசையில் நின்றும், சாம்பியன் ஜாக் டெம்ப்சியுடனான போட்டி கடைசிவரை நடக்கவே இல்லை.

இச்சூழலில் வளர்ந்தவர் ஜோசப் லூயிஸ் பாரோ. 1914 மே 13 அன்று அலபாமா மாநிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை உழுத வாரக்குடியானவர் வீட்டில் பிறந்த அவர், 1926இல் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். தெற்கின் பருத்தி நிலங்களை விட்டு வடக்கின் தொழிற்சாலைகளை நாடிய பல லட்சம் கறுப்பர்களின் பயணத்தில் இக்குடும்பத்தின் பயணமும் ஒன்று. ஃபோர்டு மோட்டார் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்ற அவர், 1934 ஏப்ரலில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தேசிய அமெச்சூர் சாம்பியனானார்.

லூயிஸின் தொழில்முறை வாழ்வைத் தொடங்கிவைத்த மூவரும் கறுப்பினத்தவர்களே. மேலாளர் ஜான் ராக்ஸ்பரோ டெட்ராய்ட்டில் சட்டவிரோத நம்பர் லாட்டரி நடத்திச் செல்வம் சேர்த்தவர். அவருடைய பங்காளியான ஜூலியன் பிளாக் சிகாகோவின் சூதாட்ட உலகோடு தொடர்புடையவர். வங்கிக் கடனும் பெருவணிகமும் கறுப்பர்களுக்கு எட்டாதிருந்த பெருமந்தக் காலத்தில், ஓர் இளம் வீரருக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் தந்து, வெள்ளை மேலாளர்களிடம் அவரை விற்காமல் காத்திருக்கப் போதுமான ரொக்கம் அத்தகையோர் கையில்தான் இருந்தது. மூன்றாமவரான பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், தம்மைவிடப் பெரிய உடலினரோடு மோதிப் பெயர் பெற்ற முன்னாள் லைட்வெயிட் வீரர். கொலைக் குற்றத்துக்காகச் சிறைவாசம் கண்டவர். கறுப்பின ஹெவிவெயிட் வீரருக்கு எதிர்காலமே இல்லை என்று நம்பிய அவர், இப்பொறுப்பை ஏற்க முதலில் தயங்கினார்.

அந்த அவநம்பிக்கையே அவருடைய பயிற்சி முறைக்கு அடிப்படையாயிற்று. எதிராளி எழ முடியாதபடி வீழ்ந்து, நடுவர் பத்து எண்ணி முடிப்பதே நாக்-அவுட்; அவ்வாறு முடியாத சண்டையில் வெற்றியை முடிவு செய்பவர்கள், புள்ளி இடும் நடுவர்கள். புள்ளிக் கணக்கில் கறுப்பருக்கு நியாயம் கிடைக்காது என்பதால், லூயிஸின் வலக்கையே நடுவராக இருந்து தீர்ப்பளிக்க வேண்டும் என்று பிளாக்பர்ன் அறிவுறுத்தினார். கால்களைச் சிறிதே நகர்த்திச் சமநிலை குலையாமல் முன்னேறுவது, முன்கையால் நேராக நீட்டிக் குத்தும் ‘ஜாப்’ மூலம் இடைவெளி உண்டாக்குவது, பின்னர்க் குறுகிய தொலைவிலிருந்து அடுத்தடுத்துக் குத்துவது என்று அவர் கற்பித்த ஒவ்வொன்றும், சண்டையை நடுவர்களின் தாளுக்குப் போகவிடாமல் முடிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது.

1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் நடந்த முதல் சண்டையில் ஜாக் கிராக்கனை முதல் சுற்றிலேயே வீழ்த்திய லூயிஸ், அதற்கு 59 டாலர் ஊதியம் பெற்றார். அவ்வாண்டில் பெரும்பாலும் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் நடந்த 12 சண்டைகளிலும் வென்ற அவர், பத்தில் எதிராளியைப் புள்ளிக் கணக்குக்கு முன்பே நிறுத்தினார். டிசம்பரில் எட்டுச் சுற்றுகள் தாக்குப்பிடித்த லீ ராமேஜ், 1935 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் எதிர்த்தபோது இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்ததிலிருந்து, லூயிஸ் கற்றுக்கொண்ட வேகத்தை அறியலாம்.

மேடைக்கு வெளியே ராக்ஸ்பரோ வகுத்த நடத்தை விதிகள், ஜான்சனின் வாழ்க்கையைத் தலைகீழாகத் திருப்பி எழுதியவை எனலாம். வெள்ளைப் பெண்களோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது; இரவு விடுதிக்குத் தனியே போகக் கூடாது; வீழ்ந்தவரைக் கண்டு களிக்கக் கூடாது; முடிவு முன்கூட்டியே பேசப்பட்ட சண்டையில் இறங்கக் கூடாது என்று நீண்ட அவ்விதிகள் பத்திரிகைகளுக்கும் தெரிவிக்கப்பட்டன. இவ்வாறு உருவான, சலனம் காட்டாத முகமும் சுருக்கமான பேச்சும் வெள்ளை வாசகர்களின் அச்சத்தைத் தணித்தன. ஆயினும் இனவாதக் கேலிச்சித்திரங்களும் விலங்கு உவமைகளும் அதனால் நின்றுவிடவில்லை.

பட்டப் போட்டிகளின் வணிகம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தின் பிடியில் இருந்தது. அதை உடைக்க விரும்பிய நுழைவுச்சீட்டு வணிகர் மைக் ஜேக்கப்ஸ், ஹெர்ஸ்ட் நாளிதழ்களின் எழுத்தாளர்கள் சிலரை மறைமுகப் பங்காளிகளாகக் கொண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஸ்போர்ட்டிங் கிளப்பைத் தொடங்கியிருந்தார். 1935இல் அவர் லூயிஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வாண்டு ஜூன் 25 அன்று யாங்கி மைதானத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், தம்மைவிட 60 பவுண்டுக்கு மேல் எடை கூடிய முன்னாள் சாம்பியன் பிரிமோ கார்னெராவை லூயிஸ் ஆறாம் சுற்றில் நிறுத்தினார். முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாமீது படையெடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரமாதலால், இத்தாலியரான கார்னெராவின் தோல்வியைக் கறுப்பர்கள் விளையாட்டுச் செய்தியாக மட்டும் கொள்ளவில்லை. செப்டம்பர் 24 அன்று முன்னாள் சாம்பியன் மேக்ஸ் பேர் நான்காம் சுற்றில் வீழ்ந்த சண்டை ஏறத்தாழ 10 லட்சம் டாலர் வசூலித்தது. 1927க்குப் பின் அதுவரை எந்தக் குத்துச்சண்டையும் அத்தொகையை எட்டியதில்லை.

வெற்றிகள் தந்த அலட்சியம் 1936 ஜூன் 19 அன்று வெளிப்பட்டது. பயிற்சியைக் காட்டிலும் கோல்ஃப் ஆட்டத்தில் லூயிஸ் நாட்டம் கொண்டிருந்த வேளையில், ஜெர்மானிய முன்னாள் சாம்பியன் மேக்ஸ் ஷ்மெலிங் அவருடைய சண்டைப் படங்களை ஆராய்ந்து, ஜாப் குத்தியபின் அவருடைய இடக்கை தாழ்ந்துவிடுவதைக் கண்டுபிடித்திருந்தார். அந்தத் திறப்பின் வழியே வலக்கையைத் திரும்பத் திரும்பச் செலுத்திய ஷ்மெலிங், நான்காம் சுற்றில் அவரைத் தரையில் விழச் செய்து, பன்னிரண்டாம் சுற்றில் நாக்-அவுட் செய்தார். இவ்வெற்றியை நாஜி அரசு ஆரிய மேன்மைக்குச் சான்றாகப் பரப்பியது. ஆகஸ்டில் ஜாக் ஷார்க்கியை மூன்றே சுற்றுகளில் வீழ்த்தி லூயிஸ் மீண்டெழுந்தார்.

முறைப்படி சாம்பியன் ஜேம்ஸ் பிராடாக்கை அடுத்து எதிர்த்திருக்க வேண்டியவர் ஷ்மெலிங்தான். அதற்கான ஒப்பந்தமும் கார்டன் அரங்கத்திடம் இருந்தது. ஆனால் ஜெர்மானிய வீரரின் போட்டியைப் புறக்கணிக்கப்போவதாக நாஜி எதிர்ப்பு அமைப்பினர் எச்சரித்ததால் வசூல் ஐயத்துக்குள்ளாயிற்று. பிராடாக்கின் மேலாளர் ஜோ கோல்டு, ஹெவிவெயிட் போட்டிகளில் ஜேக்கப்ஸ் ஈட்டும் லாபத்தில் பத்தாண்டுகளுக்குப் பத்து விழுக்காடு என்ற நிபந்தனையின் பேரில் லூயிஸைத் தேர்ந்தெடுத்தார். கார்டன் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 1937 ஜூன் 22 அன்று சிகாகோவின் காமிஸ்கி மைதானத்தில், முதல் சுற்றில் தாமே ஒருமுறை தரையில் விழுந்தெழுந்த லூயிஸ், எட்டாம் சுற்றில் பிராடாக்கை வீழ்த்தி 23 வயதில் சாம்பியனானார்.

22 ஆண்டுகள் மூடியிருந்த வாயிலின் விலை இவ்வாறு பத்து விழுக்காடாகக் கணக்கிடப்பட்டது. நம்பர் லாட்டரியின் பணமும், பிளாக்பர்னின் கைத்தொழில் அறிவும், ஓர் இளைஞர்மீது சுமத்தப்பட்ட மௌனமும், நுழைவுச்சீட்டு வணிகரின் பேராசையும் சேர்ந்தே அவ்விலையைச் செலுத்தின. லூயிஸ் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று, 1939 ஜனவரியில் மற்றொரு கறுப்பின வீரரான ஜான் ஹென்றி லூயிஸுக்கு அவர் அளித்த வாய்ப்பு. அமெரிக்க மண்ணில் இரு கறுப்பர்கள் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக மோதிய அந்த முதல் சண்டை, மேடிசன் ஸ்கொயர் கார்டனிலேயே நடந்தது.