மூட மறந்த மேலணி

'எபிதீலியம்' என்ற சொல்லை ஆக்கியவர் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த உடற்கூற்றறிஞர் ஃபிரெடரிக் ரூய்ஷ். காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். உதட்டின் மெல்லிய படலம் மற்ற இடத்துத் தோல் போன்றதல்ல, அதனடியில் காம்பு போன்ற நுண்முகிழ்ப்புகள் உள்ளன என்று கண்டார். 'மேல்' எனப் பொருள்படும் 'எபி', முலைக்காம்பைக் குறிக்கும் 'தீலே' என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார். 1830களில் யாகோப் ஹென்லே, உடலின் உட்புற வெளிப்புறப் பரப்புகளைப் போர்த்தும் செல்லடுக்குகளுக்கெல்லாம் அதைப் பொதுப்பெயராக்கினார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எபிதீலியம்' என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழில் அது 'மேலணி'. என் விருப்பம் மேலணிதான்: சொல்லிலேயே வேலை தெரிகிறது.

ஆனால் அந்த வேலையைத் தைமஸ் சுரப்பியின் மேலணி செய்வதில்லை. அதன் தொடக்கம் மட்டும் சொல்லுக்குப் பொருத்தமானது. கருவின் தொண்டைப் பகுதியில் இருபுறமும் வரிசையாகப் பைகள் உண்டாகின்றன. அவற்றுள் மூன்றாம் இணையின் உட்சுவரை அகப்படையிலிருந்து வந்த மேலணி மூடியிருக்கும். ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் அந்தப் பையின் ஒரு பகுதி தைமஸாகவும் இன்னொரு பகுதி கீழ்ப் பாராதைராய்டாகவும் பிரியத் தொடங்குகின்றன. தைமஸ் கழுத்திலிருந்து மார்புக்கூட்டுக்குள் இறங்குகிறது.

பிறகுதான் வியப்பு. பையின் உட்குழிவு மறைகிறது. செல்கள் ஒன்றையொன்று தொட்டபடியே நீண்டு விலகி, மீன்வலை போல் விரிகின்றன. இரத்தத்தின் வழி வரும் முன்னோடிச் செல்கள் அந்தக் கண்ணிகளுக்குள் குடியேறி, நோயெதிர்ப்புக்கான டி செல்களாகப் பயிற்சி பெறுகின்றன. இந்த மாற்றத்தை நடத்தும் மரபணு ஃபாக்ஸ்என்1. அது பழுதான எலிக்கு முறையான தைமஸும் இல்லை, உடலில் மயிரும் இல்லை. அதனால் அதன் பெயரே 'நிர்வாண எலி'. தோலுக்கும் தைமஸுக்கும் ஒரே மரபணு தேவைப்படுவதை இரண்டின் உறவுக்கு முக்கியமான தடயமாக நான் கருதுகிறேன்.

இன்னொரு தடயத்தை ஆர்தர் ஹில் ஹாசல் 1840களில் நுண்ணோக்கியில் கண்டார். தைமஸின் உட்பகுதியான அகணியில் தட்டையான மேலணிச் செல்கள் அடுக்கடுக்காகச் சுருண்டு உருண்டைகளாகியிருந்தன. இன்று அவை ஹாசல் உருண்டைகள். மனிதக் கருவிலேயே தோன்றிவிடுகின்றன. அவற்றின் நடுவில் செல்கள் தோலின் மேலடுக்கைப் போலவே கெரட்டின் நிரம்பிக் கடினமாகின்றன.