வெறுமே அமர்தலில் மூச்சின் இடம்: டோகெனின் ஜாஜெனும் ஆனாபானசதியும்

பௌத்தத் தியான முறைகளை ஒப்பிட்டு எழுதுவோர் பலரும் ஒரே கோட்டைத்தான் வரைகிறார்கள். கோட்டின் ஒருபக்கம், மூச்சைப் பற்றிக்கொண்டு மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆனாபானசதி. மறுபக்கம், பற்றுவதற்கு எதுவுமே இல்லாத 'ஷிகன்தாசா', அதாவது ஜப்பானிய சோட்டோ ஜென் மரபின் வெறுமே அமர்தல். 2008இல் அன்ட்வான் லுட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, தியானங்களைக் குவிகவனம், திறந்த கண்காணிப்பு என இரண்டாகப் பகுத்தது. அதன்பின் இந்தக் கோட்டுக்கு அறிவியல் முத்திரையும் கிடைத்துவிட்டது. ஷிகன்தாசாவைத் திறந்த கண்காணிப்பில் சேர்ப்பது வழக்கமாயிற்று.

கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் வாதம். இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. அவ்வகைச் சமரசம் இரு மரபுகளையுமே சிறுமைப்படுத்தும். வேறுபாடு உண்மையானது, ஆழமானதும்கூட. ஆனால் கவனம் எதன்மீது நிற்கிறது என்று தேடினால் அது அகப்படாது. அமர்வுக்கும் அதன் பயனுக்கும் என்ன உறவு என்று கேட்டால்தான் தெரியவரும்.

முதலில் மூச்சுத் தியானம். பாலி நூல்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவதான ஆனாபானசதி சுத்தம் (சூத்திரம்) பதினாறு படிகளை உடல், நுகர்ச்சி, மனம், தம்மங்கள் என நான்கு நான்காகத் தொகுக்கிறது. தொடக்கம் மிக எளியது: மூச்சு நீண்டால் நீண்டது என்றும் குறுகினால் குறுகியது என்றும் அறிய வேண்டும். திருமந்திரமும் சித்தர் மரபும் பேசும் மூச்சுப் பயிற்சியோடு இதைக் குழப்பிக்கொள்ளும் தமிழ் வாசகர்கள் உண்டு. அங்கே பூரகம், கும்பகம், ரேசகம் என மூச்சு அளவுக்குள் கொண்டுவரப்படுகிறது. இங்கே அது தன்போக்கில் விடப்படுகிறது. எண்ணுவதும் சுத்தத்தில் இல்லை. தேரவாதத்தில் அதை விரித்துரைப்பது, ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்போகாமலும் எண்ண வேண்டும். பிறகு எண்ணிக்கையை விட்டு மூச்சைப் பின்தொடர வேண்டும். பிறகு அது தொடும் இடத்தில் மனத்தை நிறுத்த வேண்டும். (தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அங்குத்தர நிகாய உரையின் முடிவில் புத்தகோசர் குறிப்பிடுகிறார். இந்த உரைமரபோடு தமிழகத்துக்கு இருந்த நெருக்கம் நம்மிடையே இன்னும் விரிவான ஆய்வுக்கு உரியது.)

பதினாறு படிகளில் கடைசி நான்கு நிலையாமை, பற்று மங்குதல், ஒழிதல், விட்டுவிடுதல் ஆகியவற்றைக் காண்பது. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் இவற்றைக் காணப் பயில்கிறான் துறவி. ஆகவே ஆனாபானசதியை ஒரு பொருளின்மேல் கவனத்தைக் குவிக்கும் பயிற்சி என்று விவரிப்பவர்கள் அதன் முன்பகுதியை மட்டுமே விவரிக்கிறார்கள். இந்தச் சுத்தத்தின் உண்மையான தனித்தன்மை வேறொன்று. ஆனாபானசதி நான்கு சதிபட்டானங்களை (நினைவை நிலைநிறுத்தும் இடங்களை) நிறைவாக்கும், அவை ஏழு போஜ்ஜங்கங்களை (விழிப்பின் உறுப்புகளை) நிறைவாக்கும், அவை ஞானத்தையும் விடுதலையையும் நிறைவாக்கும் என்று அது அடுக்கிச் சொல்கிறது. அமர்வு காரணம், விடுதலை காரியம்.

சீனத்துக்கு இந்த முறை மிக முன்பே போய்விட்டது. 148இல் லுயோயாங் வந்த பார்த்தியத் துறவி ஆன் ஷிகாவ் மூச்சு நூலொன்றை மொழிபெயர்த்தார். ஆறாம் நூற்றாண்டின் ஷியி, எண்ணுதலில் தொடங்கித் தூய்மையில் முடியும் ஆறு வாயில்களை வகுத்தார். ஆக, சீனத்தில் பயின்று சோட்டோ மரபை ஜப்பானில் நிறுவிய டோகென் மூச்சுத் தியானத்தை அறியாமல் வெறுமே அமர்தலுக்கு வந்தவர் அல்லர்.

டோகென் (1200–1253) 1223இல் சீனம் சென்று, தியந்தோங் மலையில் ருஜிங்கிடம் பயின்று, 1227இல் ஜப்பான் திரும்பினார். அவருடைய அமர்தல் (ஜாஜென்) கையேடான 'ஃபுகன்ஜாஜென்கி'க்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, 1233இல் அவரே கைப்பட எழுதி எய்ஹெய்ஜி மடத்தில் காக்கப்பட்டு வரும் படி. மற்றொன்று, பின்னர் திருத்தப்பட்டு இன்றும் சோட்டோ மடங்களில் ஓதப்படும் பாடம். இவ்விரண்டையும், 1103இல் சங்லு ஜொங்ஸே தொகுத்த மடவிதி நூலிலுள்ள அமர்தல் குறிப்போடு ஒப்பிட்டு கார்ல் பீலஃபெல்ட் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அசைக்க முடியாத ஒன்று. பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழ்ப் புலமை மரபுக்கு அதன் முறை உடனே விளங்கும்.

ஜொங்ஸேயின் குறிப்பில் ஓர் அறிவுரை இருக்கிறது: எண்ணம் எழுந்தால் அதை உணர், உணர்ந்த அளவில் அது மறையும். 1233 படியில் டோகென் இதை அப்படியே வைத்துக்கொள்கிறார். பிற்காலப் பாடத்தில் அது இல்லை. அந்த இடத்தில் சீனத் துறவி யாவ்ஷானின் உரையாடல் வந்து அமர்கிறது: சிந்தியாமையை எப்படிச் சிந்திப்பது என்ற கேள்வியும், சிந்தித்தல், சிந்தியாமை இரண்டிலும் அடங்காத ஒன்றைச் சுட்டும் விடையும்.

எழும் எண்ணத்தைக் கண்டு, கண்ட அளவிலேயே அதைக் கரையவிடும் முறைதான் இன்றைய ஆய்வாளர்கள் திறந்த கண்காணிப்பு என்று அழைப்பது. டோகென் அதை அறிந்திருந்தார், ஒருகாலத்தில் எழுதியும் வைத்தார், பிறகு நீக்கினார். நீக்கப்பட்டதையே அவருடைய முறையின் அடையாளமாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்? நீக்கியதன் காரணத்தை அவர் எழுதிவைக்கவில்லை. என் கணிப்பு இது. கண்காணிப்பு இருக்குமிடத்தில் கண்காணிப்பவனும் இருக்கிறான், எண்ணம் மறைய வேண்டும் என்ற அவன் எதிர்பார்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு நுழைந்ததும் அமர்வு மறுபடியும் ஒரு கருவியாகிவிடுகிறது.

மூச்சைப் பற்றி டோகென் பேசியதும் இதே திசையில்தான் போகிறது. அவருடைய உரைகளின் தொகுப்பான 'எய்ஹெய் கோரொகு'வின் ஐந்தாம் பகுதியில் மூச்சைச் சீராக்குவது குறித்த பேச்சு ஒன்று உண்டு. மூச்சை எண்ணுவது ஹீனயான வழி, புத்தர்களும் மூதாசான்களும் சென்ற வழி அது அன்று என்கிறார். நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகியதைக் குறுகியதென்றும் அறிவதை மகாயான வழி என்கிறார். மேலே கண்ட பாலி சுத்தத்தின் முதலிரு படிகளே இவை என்பதைப் படிப்பவர் கவனிக்கத் தவறக்கூடாது. அவர் வரைந்த ஹீனயான–மகாயான எல்லை வரலாற்றில் நிற்காது. ஆனால் டோகென் அங்கே நிற்கவும் இல்லை. ருஜிங்கின் சொல்லை நினைவுகூர்கிறார்: மூச்சு அடிவயிறுவரை வருகிறது, ஆனால் அது புறப்பட்ட இடம் என்று ஒன்றில்லை, அங்கிருந்து வெளியேறுகிறது, ஆனால் போய்ச் சேரும் இடமும் இல்லை, எனவே அது நீளமும் அன்று, குறுகலும் அன்று. தம்மைக் கேட்டால் அது மகாயானமும் அன்று, ஹீனயானமும் அன்று என்று சொல்லி முடிக்கிறார். மூச்சு இங்கே விலக்கப்படவில்லை. அளக்கப்படுவதிலிருந்து மட்டும் விடுபடுகிறது.

ஷிகன்தாசாவைப் 'பொருளற்ற தியானம்' என்பதும் அரைகுறையான விவரிப்பே. ஃபுகன்ஜாஜென்கி உடலைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது! வலது கைமேல் இடது கை, நுனி தொட்டு நிற்கும் பெருவிரல்கள், தோளுக்கு நேராகக் காது, தொப்புளுக்கு நேராக மூக்கு, மேலண்ணத்தில் நாக்கு, திறந்த கண்கள், நாசி வழியே மெல்லிய மூச்சு. சீனத்தில் ருஜிங்கிடம் கேட்டவற்றை டோகென் குறித்துவைத்த 'ஹோக்கியோகி'யில் இன்னும் வியப்பான செய்தி இருக்கிறது: அமரும்போது மனத்தை இடது உள்ளங்கையில் வைப்பதே மூதாசான் வழி வந்த முறை என்கிறார் ருஜிங். அடுத்த தலைமுறைகளில் கெய்சான் ஜோகின் 'ஜாஜென் யோஜின்கி'யில், மனம் சிதறினால் மூக்கு நுனியிலும் அடிவயிற்றிலும் அதை வைக்கச் சொல்கிறார். மூச்சை எண்ணவும் அனுமதிக்கிறார். அங்கே அது நோய்க்குத் தரும் மருந்து, நோய் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டியது. பற்றுக்கோடு உண்டா இல்லையா என்பது அளவுகோலானால், சோட்டோ மரபின் பெருந்தூண்களான டோகென், கெய்சான் இருவரையும் அதற்கு வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? சீன ஆசான் நான்யுவேயும் அவர் சீடர் மாஸுவும் பற்றிய பழங்கதைக்கு டோகென் தரும் விளக்கத்தில் அது தெளிவாகிறது. புத்தனாவதற்காக அமர்ந்திருக்கிறேன் என்கிறார் மாஸு. ஆசான் ஓர் ஓட்டை எடுத்துத் தேய்க்கிறார், கண்ணாடி செய்வதற்காகவாம். தேய்ப்பதால் ஓடு கண்ணாடியாகாது, அமர்வதால் எவரும் புத்தராகார் என்பதே வழக்கமான வாசிப்பு. டோகென் மறுத்து வாசிக்கிறார்: தேய்ப்பதே கண்ணாடி, அமர்வதே புத்தநிலை. பயிற்சியும் மெய்யுணர்வும் ஒன்றே என்ற இந்த நிலைப்பாட்டில், இன்றைய அமர்வு நாளைய எதற்கும் காரணமாவதில்லை. பாலி மரபின் காரண–காரியத் தொடரிலிருந்து டோகென் உண்மையாகவே பிரியும் இடம் இது. ஒருவர் மூச்சை அறிந்தபடியே இந்த மனநிலையில் அமரலாம். இன்னொருவர் எதையும் பற்றாமல் அமர்ந்தும் ஞானத்தைத் துரத்திக்கொண்டிருக்கலாம்.

இந்நிலைப்பாட்டில் ஓர் ஆபத்து உண்டு, அதை மூடிமறைப்பது நேர்மையாகாது. எதையும் நாடாத அமர்வு எளிதில் மந்தமான அரைத்தூக்கமாகிவிடும். சீனத்தில் மௌன ஒளிர்வு என்ற அமைதியான அமர்வைப் போதித்த ஹொங்ஷி (1091–1157) வாழ்ந்த காலத்திலேயே இன்னொரு ஆசானான தாஹுய் ஜொங்காவ், தம் கடிதங்களில் இந்தச் சோம்பலைக் கடுமையாகச் சாடினார். டோகெனிடம் இதற்கு மறுமொழி உண்டு. அது மடத்தின் அன்றாடத்தில் இருக்கிறது. 1237இல் மடத்துச் சமையலருக்காகத் தனிநூல் எழுதிய அவருக்கு அமர்வு என்பது அரிசி கழுவுவதிலிருந்து பிரிந்ததன்று. அந்த ஒழுங்கைக் களைந்துவிட்டு அமர்வை மட்டும் பெயர்த்தெடுத்தால் தாஹுயின் கண்டனம் செல்லுபடியாகும் என்றே நினைக்கிறேன். ஜப்பானிய ஜென் ஆசான் யசுதானியின் வழியில் வந்து பிலிப் கேப்ளோ 1965இல் வெளியிட்ட நூல், புதியவர்களை மூச்செண்ணலில் தொடங்கவைக்கிறது. ஆண்டாய்ஜி மடத்தில் உச்சியாமா கோஷோ எண்ணிக்கையின்றி, சிந்தனையிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் இருக்கை நிலைக்குத் திரும்புவதையே கற்பித்தார். இல்லறத்தாருக்கு முதல் வழி பாதுகாப்பானது. டோகெனுக்கு அணுக்கமானது இரண்டாவது.

ஆய்வுக்கூடங்கள் இந்த வேறுபாட்டைத் தொடத் தவறுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். 2008இல் பான்யோனியும் உடன் ஆய்வாளர்களும் ஜென் பயில்வோரின் மூளையைப் படம்பிடித்து வெளியிட்ட கட்டுரைக்கு யாவ்ஷானின் உரையாடலிலிருந்து தலைப்பு எடுத்தார்கள். ஆனால் பங்கேற்றோருக்குத் தந்த அறிவுரை, கவனம் தவறாமலிருக்க மூச்சைப் பிடிமானமாகக் கொள்ளுங்கள் என்பதுதான். 2012இல் ஹேஸன்கேம்ப்பின் குழு, மூச்சைக் கவனித்திருப்போர் மனம் அலைந்ததை உணர்ந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னது. ஆனாபானசதியின் தொடக்கப் படிகளுக்கு இது பொருத்தமான கருவி. அலைந்ததை அறிந்து திரும்புவதே அங்கே பயிற்சி. வெறுமே அமர்பவரிடம் அதே பொத்தானைக் கொடுத்தால், 1233க்குப் பிறகு டோகென் தம் கையேட்டிலிருந்து நீக்கிய கண்காணிப்பாளனை அமர்பவரின் கையில் திரும்பவும் ஒப்படைத்ததாகும். அளவீட்டில் பதிவாவது அவன் வேலையாகவே இருக்கும்.